தாய்மாமனுக்கு ஒரு மடி

விளாங்குடிப் பக்கம் எந்த விசேஷம் என்றாலும், மாப்பிள்ளைக்கு முன்னால் தங்கப்பாண்டியின் சேர் வந்து இறங்கிவிடும். சிவப்பு பிளாஸ்டிக் சேர். முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் ‘த.பா.’ என்று எழுதியிருக்கும். கல்யாணமோ கருமாதியோ கட்சிக் கூட்டமோ, ஜனங்கள் த.பா. மேல் சாய்ந்துகொண்டுதான் சிரிப்பார்கள், அழுவார்கள், தூங்குவார்கள். பந்தல், பாத்திரம், டேபிள், பிரியாணி தேக்சா எல்லாமே அவர் கடையில் வாடகைக்கு உண்டு. ஆனாலும் ஊர் அவரைக் கூப்பிட்டது ‘சேர்க்காரர்’ என்றுதான்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் கடை போட்டபோது மதுரை ஜில்லா தரையில் உட்கார்ந்திருந்தது. ஜமுக்காளத்தை விரித்தால் சபை, பந்திப் பாயை விரித்தால் சாப்பாடு. எழுபது வயசுக்காரர்கள் இலையை மடித்துவிட்டுக் கையை ஊன்றாமல் எழுந்து போனார்கள். தங்கப்பாண்டி வந்து மொத்த ஜனத்தையும் தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே தூக்கி வைத்தார். ஏறி உட்கார்ந்த ஜனம் அப்புறம் இறங்கவே இல்லை. இன்றைக்கு விசேஷ வீட்டில் கரண்டி கீழே விழுந்தால், குனிந்து எடுக்க நாற்பது வயசுக்காரனே சுற்றுமுற்றும் ஆள் தேடுகிறான். ஊர் முட்டிகள் இந்தக் கதிக்கு வந்ததில் தங்கப்பாண்டிக்குப் பெரிய பங்கு உண்டு. இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கடை போர்டில் எழுதிப் போட்டிருப்பார்.

அவருடைய சொந்த முட்டியும் அதே சேரில்தான் ஓய்ந்தது. காலையில் கடை வாசலில் சேர், மதியம் வீட்டில் சாப்பாட்டு மேஜை, சாயங்காலம் டீக்கடை பெஞ்சு, ராத்திரி பரோட்டாக் கடை ஸ்டூல். இந்த நாலுக்கும் நடுவே டூவீலர். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவைத்து, அதன் தலையில் ஒரு கறிதோசை. வீட்டுக்கு வரும் வழியில், செரிப்பதற்காக என்று சொல்லி, ஒரு ஜிகர்தண்டா. ஐம்பத்தொன்பது வயசில் வயிறு அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் அது வந்து தொடை மேல் ஏறிக்கொள்ளும். சுகர் இருந்தது, பிரஷர் இருந்தது. கவலை மட்டும் இல்லை.

“உடம்பே வாடகைக்கு எடுத்ததுதானப்பா,” என்பார். “விசேஷம் முடிஞ்சா திருப்பிக் குடுத்துட்டுப் போகவேண்டியதுதான். நசுங்கி இருந்தா என்ன, கோணிக் கெடந்தா என்ன.”

இந்தத் தத்துவத்தை உடைத்தது ஒரு கைக்குழந்தை.

தங்கச்சி முனீஸ்வரி அவரைவிடப் பதினெட்டு வயசு இளையவள். அம்மா போனபோது அவளுக்குப் பத்து வயசு. பந்தல் போடப் போகிற இடத்துக்கெல்லாம் கூட்டிப்போய், அடுக்கி வைத்த ஜமுக்காளத்தின் மேல் தூங்கவைத்து அவளை வளர்த்தார். திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் பாண்டியராஜனுக்குக் கட்டிக்கொடுத்தார். பதினாறு வருஷம் குழந்தை இல்லை. அவள் போகாத கோயில் இல்லை, ஏறாத ஆஸ்பத்திரிப் படி இல்லை. அந்தப் பதினாறு வருஷமும், வளைகாப்புக்கு அலங்கார நாற்காலி கேட்டு வந்தவர்களைத் தங்கப்பாண்டி அடுத்த கடைக்கு அனுப்பிவிட்டார். ஏன் ஒன்று வாங்கிப்போடக் கூடாது என்று கேட்டால், “அதுல லாபம் இல்லப்பா” என்பார்.

நாற்பத்தொரு வயசில் முனீஸ்வரி ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். போன் வந்தபோது தங்கப்பாண்டி ஒரு கல்யாணச் சமையல்கட்டில் இருந்தார். பேசி முடித்ததும், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அங்கே நின்று அழுதால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

குழந்தைக்குத் தாமரைச்செல்வி என்று தங்கப்பாண்டியின் அம்மா பெயரையே வைத்தார்கள்.

அவளைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவருக்குச் சுரீரென்றது. மொட்டை போட்டுக் காது குத்தும்போது பிள்ளை உட்காரவேண்டியது தாய்மாமன் மடி. வயசுக்கு வந்தால் பச்சை ஓலையில் குச்சுக் குடிசை கட்டிக்கொடுக்கவேண்டியது தாய்மாமன். கல்யாணத்தில் தாய்மாமன் மாலை விழாமல் பெண் மணவறைக்கு நடக்கமாட்டாள். மற்ற தாய்மாமன்கள் இதையெல்லாம் மீசை கறுப்பாக இருக்கும்போதே முடித்துவிட்டுப் பேரன் பேத்தி எடுக்கப் போய்விடுகிறார்கள். இவருக்குக் காதுகுத்தே அறுபதில். சடங்கு எழுபத்து மூன்றில். கல்யாணம் என்றால், இந்தக் காலத்துப் பிள்ளை படித்து, வேலைக்குப் போய், பெங்களூரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து சரி என்று தலையாட்டுவதற்குள் இவருக்கு எண்பத்தைந்து ஆகிவிடும்.

எண்பத்தைந்தைப் பார்த்தவர் வம்சத்தில் யாராவது உண்டா என்று யோசித்தார். அப்பா அறுபத்திரண்டில் போனவர். பெரியப்பா அறுபத்து நாலில். விருமாண்டிச் சித்தப்பா ஒருத்தர்தான் எழுபதைத் தொட்டவர், அதையும் படுத்துக்கொண்டே தொட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்தது என்று சொல்வது மரியாதைக்காக. பாதியில் விழுந்தார். விழுந்த பிறகு குனிந்து தேடினால் மடியைக் காணவில்லை. மடி இருக்கவேண்டிய இடத்தில் வயிறு குடியிருந்தது. ஒரு முழு ஆளுக்குரிய நீளத்தில் கால் இருந்தும், ஒரு வயசுப் பிள்ளையை வைக்க ஒரு சாண் இடம் இல்லை. சத்தம் கேட்டு வந்த மனைவி அன்னக்கொடி கட்டில் காலைப் பிடித்து எழச் சொல்லிவிட்டு, “என்னத்தத் தேடுறீக?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்ல,” என்றார். உண்மைதான். அங்கே ஒன்றும் இல்லை.

கூடப் பிறந்த அண்ணனால் முடியாவிட்டால் பங்காளி அண்ணன் மடி கொடுப்பான். வழக்கத்தில் அதற்கு இடம் உண்டு. அதற்கு ஆளும் தயாராக இருந்தான்: பெரியப்பா மகன் காசிமாயன், வயசு நாற்பத்தாறு. தட்டையான வயிறு, தரையில் உட்கார்ந்தால் ஸ்பிரிங் மாதிரி எழுந்துகொள்வான். கெட்டவன் இல்லை. ஆனால் தங்கப்பாண்டிக்கு அந்த வாரம் முழுக்க அவன் முட்டியைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது.

முதலில் அவர் போனது தெருமுனையில் புதிதாகத் திறந்திருந்த ஒரு சத்துமாவுக் கடைக்கு. அங்கே ஒரு மெஷின் மேல் ஏற்றி நிறுத்தி, உங்கள் உடம்புக்கு எண்பத்தொரு வயசு என்றார்கள். இந்த மாவைக் கரைத்துக் குடித்தால் ஐம்பதுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார்கள். தங்கப்பாண்டி இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். “கால் ஆடுற சேருக்குப் பெயின்ட்ட அடிச்சுப் புதுசுன்னு அனுப்புற ஆளுப்பா நானு. என்கிட்டயேவா,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அப்புறம்தான் டாக்டரம்மாவிடம் போனார்.

“என்ன தொந்தரவு?” என்று கேட்டார் அவர்.

“மடி இல்லம்மா.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. அதனாலேயே அவர் சொன்னதைத் தங்கப்பாண்டி நம்பினார்.

“வயசத் திருப்ப முடியாதுங்கய்யா. அது ஓடுற வேகத்த வேணும்னா கொஞ்சம் கொறைக்கலாம். அதுக்குத் தனியா மருந்து கெடையாது. இப்பப் போடுற சுகர் மாத்திரைய நீங்களா நிறுத்தவும் கூடாது.”

“அப்ப எம்பத்தஞ்சு வரைக்கும்?”

“அதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. ஆனா எழுபதுல படுக்காம நடந்துக்கிட்டு இருக்கறதுக்கு இப்பவே ஆரம்பிக்கலாம்.”

சொன்னதெல்லாம் சாதாரணச் சங்கதிகள். தட்டில் சோறு பாதி, காய் பாதி. பயறு, முட்டை, மீன் உண்டு, பரோட்டா கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டைப் பொழுது சாய்ந்ததும் முடித்துவிடவேண்டும். தினமும் வேர்க்க நடக்கவேண்டும். நேரத்துக்குத் தூங்கவேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்: நடை மட்டும் போதாது, தொடையில் பலம் வேண்டும், தரையில் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள், முதலில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு. தங்கப்பாண்டி தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். அது டாக்டரம்மாவின் சொந்தச் சேர்தான் என்றாலும், பழக்க தோஷத்தில் அதன் காலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

வீட்டில் முருங்கைக்கீரையும் பாசிப்பயறும் வேண்டும் என்றதும் அன்னக்கொடி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“கீரை வச்சா மாட்டுக்கு வைய்யின்னு சொன்ன மனுசன். யாரும் செய்வினை வச்சுட்டாகளா?”

“பேசாம வைய்யி.”

“வைக்கிறேன். நாளைக்கே வந்து, இதெல்லாம் ஒரு சோறான்னு தட்டத் தள்ளுனா, இந்தக் கீரையவே மூணு வேளைக்கும் வைப்பேன், பாத்துக்கங்க.”

காரணத்தை அவர் அன்னக்கொடியிடம்கூடச் சொல்லவில்லை. எண்பத்தைந்து வரைக்கும் இருக்கப்போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயமும் கொஞ்சம் இருந்தது.

விடியற்காலையில் வைகைக் கரை ரோட்டில் நடக்கப் போனார். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் வெள்ளை ஷூ போட்டு, கையை வீசி வீசி நடந்துகொண்டிருந்தது. முதல் நாள் அவரும் அவர்களோடு சேர்ந்து நடந்தார். நடை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரு பொங்கல் கடைக்குள் நுழைந்தது. நடந்த களைப்புக்கு நெய்ப்பொங்கல், அதற்குத் துணையாக இரண்டு வடை. ஆளுக்கு ஆள் ‘இன்னிக்கு நல்ல நடை’ என்று பாராட்டிக்கொண்டார்கள். இரண்டாம் நாளிலிருந்து தங்கப்பாண்டி எதிர்த்திசையில் நடந்தார்.

நடை வந்துவிட்டது. பசியும் பழகிவிட்டது. தரைதான் வழிக்கு வரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் மறுபடி உட்காரத் தைரியம் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் கோரிப்பாளையத்துச் சிக்கந்தர் பாயிடம் தேக்சாவைத் திருப்பி வாங்கப் போனார். பாய் பிரியாணி மாஸ்டர். இவரைவிடப் பத்து வயசு மூத்தவர். அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து விறகைத் தள்ளிவிட்டு, பேச்சை நிறுத்தாமல் எழுந்தார். மறுபடி குத்தவைத்தார். மறுபடி எழுந்தார். தங்கப்பாண்டி தேக்சாவை மறந்துவிட்டு அவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சேர்க்காரரே, என் லுங்கியவே பாக்குறீங்க?”

“எப்படி பாய் எந்திரிக்கிறீக?”

“எப்படின்னா? காலாலதான்.” பாய்க்குச் சிரிப்பு. “அஞ்சு வேளைத் தொழுகைக்கும் உக்காந்து எந்திரிக்கிறோம்ல. முட்டி துருப்பிடிக்கறதுக்கு டைம் குடுத்தாத்தான. நீங்க ஊரு பூரா சேரப் போட்டு உக்கார வச்சுட்டீங்க.”

முப்பது வருஷத்தில் முதல் முறையாக யாரோ அவரிடம் அதைச் சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பெருமையாக இல்லை.

“எனக்குப் பழக்கிவிடுங்க பாய்.”

அன்றிலிருந்து, அடுப்பு ஆறிய மதிய நேரத்தில், தேக்சாக்கள் கவிழ்த்து வைத்த அந்தக் கொல்லையில் பாடம் நடந்தது. முதலில் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து எழுந்தார். அப்புறம் கவிழ்த்த பாத்திரம் ஒன்றில். அப்புறம் அரிசி அளக்கும் மரக்கால். உயரம் குறையக் குறைய அவர் முனகல் கூடியது. “யா அல்லா, பக்கத்து வீட்ல பிரசவம்னு நெனச்சிரப் போறாங்க, மெதுவா சேர்க்காரரே,” என்பார் சிக்கந்தர். ஒரு வழியாகத் தரைக்கு வந்து சேர்ந்தபோது, எழும் முறை இப்படி அமைந்தது: ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கையை ஊன்றி, ஒரு முட்டியை மடக்கி, கன்றுக்குட்டி முதல் தடவை எழுவதுபோலப் பின்பக்கம் முதலிலும் தலை அப்புறமும் மேலே வரும். அழகாக இருந்தது என்று சொல்லமுடியாது. ஆனால் எழுந்தார்.

மாசங்கள் போகப் போக வயிறு பின்வாங்கியது. தண்ணீர் வற்றின கண்மாயில் கரை தெரிவதுபோல, ஒருநாள் சம்மணம் போட்ட காலுக்கு நடுவே மடி தெரிந்தது. அன்றைக்கு அன்னக்கொடி கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால், தங்கப்பாண்டி தரையில் உட்கார்ந்து ஒரு சின்ன அரிசிப் பையை மடியில் வைத்து, துள்ளாமல் இருக்க ஒரு கையால் அணைத்து, மற்றக் கையால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

 அன்னக்கொடிக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே போய், அன்றைக்குக் கீரையில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விட்டார்.

ஆனால் ஊருக்கு யார் விளக்குவது? மதுரையில் ஒரு மனுஷன் குண்டாவதற்கு நூறு காரணம் இருக்கலாம். மெலிவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. சட்டை தொளதொளத்தது, கன்னம் ஒட்டியது, கழுத்தில் எலும்பு தெரிந்தது. ஒரு கிடாவெட்டில், பங்காளி ஒருவர் ஈரலை எடுத்து இலையில் வைக்க, தங்கப்பாண்டி போதும் என்று கையை நீட்டி மறித்தார். அந்தக் கை பந்தி முழுவதும் தெரிந்தது. சொந்தக்காரன் வைத்த ஈரலை வேண்டாம் என்று சொல்கிறவன் ரொம்ப நாள் இருக்கமாட்டான் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்.

அடுத்த வாரத்திலிருந்து வீட்டுக்கு ஹார்லிக்ஸ் வர ஆரம்பித்தது. கூடவே பிரெட்டு, ஆரஞ்சு, ஆப்பிள். வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். “பெரியாஸ்பத்திரில காட்டுனீகளா?” என்று அன்னக்கொடியிடம் அடுப்படியில் கேட்டார்கள். ஒன்றும் இல்லை, டயட்டு என்று அவர் சொன்னால், மறைக்கிறார் பாவம் என்று முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார்கள். முத்திருளன் என்ற மாமா ஒருவர், பாட்டில் பாட்டிலாக அடுக்கியிருந்த ஹார்லிக்ஸைப் பார்த்துவிட்டு, “இம்புட்டையும் குடிக்கிற வரைக்குமாச்சும் இரு மாப்ள,” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

இதெல்லாம் தங்கப்பாண்டிக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, காசிமாயன் கடைக்கு வருகிற வரையில்.

“அண்ணே, தை கடைசில நம்ம பாப்பாவுக்கு மொட்டையெடுத்துக் காது குத்துறோம்ல. குலசாமி கோயில்ல. சேரு, டேபிளு, ரெண்டு பந்தலு. நல்லா கால் ஆடாத சேரா பாத்து அனுப்புங்க.”

“எனக்கே சொல்றியாடா. தாய்மாமன் நானு. சேரு தானா வரும்.”

காசிமாயன் செருப்பால் தரையைத் தேய்த்தான். “இல்லண்ணே. அது வந்து. முனீசு உங்ககிட்டச் சொல்லலையா? நீங்க அலையவேணாம், உடம்புக்கு முடியாம இருக்கீக. அண்ணனச் செரமப்படுத்தக் கூடாதுன்னு, மடிக்கு என்னைய உக்காரச் சொல்லிருக்கு.”

தங்கப்பாண்டி அடுக்கியிருந்த சேர்களில் ஒன்றை எடுத்து, காலை ஆட்டிப் பார்த்து, ஓரமாக வைத்தார். இன்னொன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தார். காசிமாயன் எப்போது போனான் என்று அவருக்குத் தெரியவில்லை.

மடி வேண்டும் என்று வயிற்றைக் குறைத்தார். வயிறு குறைந்ததால் மடி போய்விட்டது.

மறுநாள் காலையில் திருமங்கலம் பஸ்ஸில் ஏறினார். முனீஸ்வரி வாசலுக்கு ஓடிவந்தாள். “வாண்ணே,” என்றவள், அப்புறம் பேச முடியாமல் அவர் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்தாள். “என்னண்ணே இது. சட்டைக்குள்ள ஆளையே காணோம்.”

சுவரோரம் விளையாடிக்கொண்டிருந்த தாமரைச்செல்வி தவழ்ந்து வந்து அவர் காலைப் பிடித்து நின்றாள். அவர் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குனிதல் அவருக்கு முடிந்திருக்காது. முனீஸ்வரிக்கு அது கண்ணில் படவில்லை. எலும்புதான் பட்டது.

மதியம் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தாள். அவர் சோற்றில் பாதியைத் திருப்பி எடுக்கச் சொன்னார். இரண்டு துண்டு தின்றுவிட்டு, “கீரை ஏதும் வச்சியா?” என்று கேட்டார். முனீஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“என்ன வியாதின்னு சொல்லிருண்ணே. நான் தாங்கிக்கிருவேன்.”

“வியாதி ஒண்ணும் இல்லத்தா.”

“அம்மாவும் அப்படித்தான் சொல்லுச்சு.”

தங்கப்பாண்டி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அம்மா கடைசி வரைக்கும் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இளைத்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பத்து வயசுப் பிள்ளைக்கு அது ஞாபகம் இருக்கும் என்று அவர் இத்தனை வருஷத்தில் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“முனீசு,” என்றார். “பாப்பா கல்யாணத்துக்கு எனக்கு என்ன வயசு ஆகும் தெரியுமா?”

அவள் பார்த்தாள்.

“எம்பத்தஞ்சு. தாய்மாமன் மாலை போட ஆளு வேணாமா? நம்ம வம்சத்துல எவனும் அம்புட்டுத் தூரம் வந்ததில்ல. அதான் ராத்திரி பரோட்டா திங்கல.”

முனீஸ்வரி கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“எம்பத்தஞ்சு வரைக்கும் இருக்கப்போறேன்னு எவனாச்சும் வாயத் தொறந்து சொல்லுவானாத்தா? சிரிக்கமாட்டாக? டாக்டரம்மாவே கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாக.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் அழுகை இன்னும் கூடிப்போனது. அம்மா அழுவதைப் பார்த்து தாமரைச்செல்வியும் உதட்டைப் பிதுக்கினாள். தங்கப்பாண்டிக்கு இரண்டு பேரில் யாரை முதலில் சமாதானப்படுத்துவது என்று தெரியவில்லை. சின்னவளைத் தூக்கிப் பெரியவள் மடியில் போட்டார்.

“காசி அண்ணன்கிட்ட நான் சொல்லிட்டேனே,” என்றாள் முனீஸ்வரி. “சரி, அத நான் பாத்துக்கிறேன். ஆனா முட்டி வலிக்குமேண்ணே. நீ சேருல உக்காந்துக்க. யாரு என்ன சொல்லப்போறா, உன் சேருதான.”

“சேருல உக்கார வச்சா அது காதுகுத்து இல்லத்தா. சலூன்.”

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. அண்ணன் தரையில் உட்காரட்டும். மொட்டை எடுத்து, இரண்டு காதும் குத்தி முடிக்க நேரமாகும், பிள்ளையும் துள்ளும். பாதியில் கால் முடியாமல் போனால் காசிமாயன் பக்கத்திலேயே நிற்கட்டும், மாறிக்கொள்ளலாம். எந்த விசேஷத்துக்கும் பத்து சேர் கூடுதலாக அனுப்புகிற மனுஷனுக்கு இதில் மறுப்பு சொல்ல முடியவில்லை.

தை மாசக் கடைசியில், செக்கானூரணிக்கு மேற்கே, குலசாமி கோயில் புளியமரத்தடியில் தங்கப்பாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புது வேட்டி, புதுச் சட்டை, கழுத்தில் மாலை. பெண்கள் குலவை போட்டார்கள். வலது பக்கம் காசிமாயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, களத்தில் இறங்கத் தயாரான மாற்று ஆட்டக்காரன் மாதிரி நின்றான். முனீஸ்வரி குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

தலையை நனைத்ததற்கே தாமரைச்செல்வி ஊரைக் கூட்டினாள். மொட்டை எடுக்கிறவர் பாதித் தலையை முடிப்பதற்குள் தங்கப்பாண்டியின் இடது கால் மரத்துப்போனது. பிள்ளை இடுப்பை வளைத்து மேலே எம்பியது. அவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். மொட்டைத் தலையில் சந்தனம் தடவினார்கள். ஆசாரி வந்து காதில் பொட்டு வைத்துக் குறி பார்த்தார். முதல் காது சுலபம், பிள்ளைக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது. இரண்டாவது காதுதான் கஷ்டம், அதற்குள் தெரிந்துவிடுகிறது. அவள் தலையைத் திருப்பி மாமன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அவர் மாலையைப் பிடித்துக்கொண்டாள். தங்கப்பாண்டிக்குத் தொடை நடுங்கியது. நெற்றி வேர்த்து ஒழுகியது.

“மாத்திக்கலாமாண்ணே?” காசிமாயன் குனிந்து காதோரம் கேட்டான்.

அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பிள்ளையின் தலையைத் தன் கன்னத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஆச்சுத்தா, ஆச்சுத்தா, ஒரே ஒண்ணு,” என்றார். ஆசாரியின் கை அசைந்தது. குலவைச் சத்தத்தில் பிள்ளையின் அலறல் அமுங்கிப்போனது.

ஆச்சு.

அலறல் விசும்பலானது. விசும்பல் பெருமூச்சானது. சந்தன மொட்டையை மாமன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு தாமரைச்செல்வி தூங்கிப்போனாள்.

பந்தலில் இலை போட்டாகிவிட்டது. சிக்கந்தர் பாயின் தேக்சா திறந்து வாசம் மரத்தடி வரைக்கும் வந்தது. ஆனால் தாய்மாமன் வந்து முதல் இலையில் உட்காராமல் பந்தி தொடங்காது. ஜனம் முழுவதும் த.பா. சேர்களிலிருந்து கழுத்தைத் திருப்பிப் புளியமரத்தடியைப் பார்த்தது. தங்கப்பாண்டி எழவில்லை. எழ முடியவில்லை. அவர் கற்றுக்கொண்ட முறையில் எழுவதற்கு ஒரு கையைத் தரையில் ஊன்றவேண்டும். இரண்டு கையிலும் பிள்ளை இருந்தாள்.

“குடுங்கண்ணே, நான் வச்சிருக்கேன்,” என்று காசிமாயன் இரண்டு கையையும் நீட்டினான். “நீங்க கைய ஊண்டி மெதுவா எந்திரிங்க.”

நியாயமான யோசனைதான். தங்கப்பாண்டி பிள்ளையைப் பார்த்தார். கண்ணீர் காயாத இமை, புதுத் தோடு, மாலையை இன்னும் விடாத கை.

“தூங்குதுடா. எடுத்தா முழிச்சிரும்.”

“அப்ப என்ன பண்ண?”

“அவள எதுக்குத் தூக்குற? என்னையத் தூக்கு.”

காசிமாயன் பந்தலைப் பார்த்து, “பாய், இங்கிட்டு வாங்க,” என்று சத்தம் போட்டான். சிக்கந்தர் பாய் கரண்டியை வைத்துவிட்டு வந்தார். ஆளுக்கு ஒரு அக்குளில் கை கொடுத்தார்கள். சாமி தூக்குகிறவர்கள் மாதிரி மூச்சைப் பிடித்து, ஒரே சீராக, குலுங்காமல் தூக்கினார்கள். தங்கப்பாண்டி மேலே வந்தார், மடி மெல்ல மெல்லத் தோளாக மாறியது, பிள்ளை அசையவில்லை.

காசிமாயன் பல்லைக் கடித்துக்கொண்டு, “யாருண்ணே நீங்க மெலிஞ்சிட்டதாச் சொன்னது,” என்றான்.

“மெதுவாப் பேசு.”

நின்றுவிட்டார். கீழே இருப்பது தன் கால்தானா என்பது இன்னும் தெரியவில்லை. ஜனம் அத்தனையும் பசியோடு காத்திருந்தது. முனீஸ்வரி இலைக்கு முன்னால் நின்றுகொண்டு, வாண்ணே என்று கையை அசைத்தாள்.

“வாரேன்,” என்றார் தங்கப்பாண்டி, பிள்ளை எழாத குரலில். “கால் வந்து சேரட்டும்.”